சாட்சி சொல்லும் படம்: அரிய காட்டுப்பூக்களை அண்மையில் நின்று படமெடுத்தல்



மொழிக்கென அமைந்த மேடையில் புகைப்படக் கருவியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அழைப்பு வந்தபோது எங்களுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. நாங்கள் தாவரவியல் அறிஞர்கள் அல்லர். விடுமுறை நாள்களில் பாலத்துக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள காடுகளுக்குச் சென்று, முழந்தாளிட்டும் குப்புறப்படுத்தும் சிறு பூக்களைப் படமெடுக்கும் ஒரு நண்பர் குழுவினர். ஆயினும், பல ஆண்டுகள் இவ்வாறு செய்த பின் எங்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. அரிய பூவின் அண்மைப் படம் என்பது அழகுப் பொருள் மட்டும் அன்று. அது ஒரு சாட்சியம். சாட்சி சொல்பவர் எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும், எந்தச் சொற்களில் சொல்ல வேண்டும் என்ற கேள்விகள் எல்லாம் அதற்கும் உண்டு. மூன்றாவது கேள்வி இந்த மன்றத்துக்கு உரியது என்பதால் துணிந்து வந்தோம்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியிருப்பதை இந்த அவை நன்கறியும். பள்ளிப் பருவத்தில் அதை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவர்களும் இங்கே இருக்கலாம். அவற்றுள் பலவற்றை இன்றும் ஐயமின்றிச் சுட்டிக்காட்ட முடிகிறது. சிலவற்றைப் பற்றி, இந்தப் பெயர் எந்தச் செடியைக் குறித்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெயர் நின்றுவிட்டது, பூவின் அடையாளம் நழுவிவிட்டது. நம் காலத்திலோ நிலைமை தலைகீழ். கைப்பேசி வைத்திருப்பவர் ஒவ்வொருவரிடமும் ஆயிரக்கணக்கான பூப்படங்கள் கிடக்கின்றன. அவை எந்தப் பூ, எந்த மண்ணில் எந்த நாளில் மலர்ந்தது என்ற செய்தி அவற்றோடு இல்லை. ஒரு தலைமுறை கழிந்தால் அப்படங்கள் வெறும் வண்ணத் திட்டுகளாகவே எஞ்சும்.

படமும் சொல்லும் இணைந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்குச் சரவாக்கிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1866-இல் ஒடோவார்டோ பெக்காரி என்னும் இத்தாலியத் தாவரவியலாளர், கூச்சிங்கிற்கு மேற்கே உள்ள மாத்தாங் மலைக்காட்டில் ஒரு விந்தையான சிறு தாவரத்தைக் கண்டார். அதற்குப் பச்சையம் இல்லை. இலை என்று சொல்லத்தக்கதும் இல்லை. மண்ணுக்கடியில் பூஞ்சைகளிடமிருந்து உணவைப் பெற்று, மழைக்குப் பின் சில வாரங்கள் மட்டும் பூவை வெளியே நீட்டும் இனம் அது. பூவின் உச்சியிலிருந்து மூன்று மெல்லிய நீட்சிகள் திரிசூலம்போல் மேலெழும். அதனால் கடல்தெய்வமான நெப்டியூனின் பெயரைச் சேர்த்துத் திஸ்மியா நெப்டியூனிஸ் என்று 1878-இல் விவரித்து, வரைபடத்துடன் வெளியிட்டார். அதன் பிறகு அதைக் கண்டதாக ஒருவரும் எழுதவில்லை. 2017-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் அதே மலைப்பகுதியில் அதை மீண்டும் கண்டார்கள். இடையில் ஓடியவை 151 ஆண்டுகள். அந்தப் பூ முதன்முதலாகப் புகைப்படத்தில் பதிவானது அப்போதுதான்.

இச்செய்தி உலகெங்கும் பரவியபோது எல்லாரும் அந்தப் படத்தையே வியந்தார்கள். எங்களுக்கோ அதைவிட வியப்பாக இருந்தது, பழைய விவரிப்பும் கோட்டுப் படமும் அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பூவை அடையாளங்காணப் போதுமானவையாய் இருந்ததே. பெக்காரி கவனித்துப் பார்த்தார், அளந்தார், எழுதினார். இன்று நாம் எடுக்கும் படம் அவ்வளவு காலம் தாங்குமா?

தாங்க வேண்டுமானால் முதலில் கருவியின் குறைபாட்டை அறிய வேண்டும். அண்மைப் படம் என்று நாங்கள் சொல்வது, புகைப்படக்காரர்கள் மேக்ரோ என்று வழங்கும் முறையை. பூ எவ்வளவு பெரிதோ அதே அளவு பிம்பம் கருவியினுள் உள்ள உணரியில் விழுமானால் அதை ஒன்றுக்கொன்று என்பார்கள். முழு அளவு உணரி 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. ஆகவே ஒன்றுக்கொன்று படத்தில் ஒரு தீப்பெட்டியின் பரப்பைவிடச் சிறிய இடமே அடங்கும். அந்த நெருக்கத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகமிகக் குறைவு. லென்சின் துளையை எஃப் 8 என்ற அளவில் வைத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். எஃப் 16 என்று குறுக்கினாலும் இரண்டு மில்லிமீட்டர். இதழின் விளிம்பு தெளிவாக இருந்தால் நடுவில் இருக்கும் சூலகமுடி மங்கிப்போகும். துளையை இன்னும் குறுக்கலாமே என்றால், ஒளி விளிம்புகளில் சிதறிப் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். போதாக்குறைக்கு, ஒன்றுக்கொன்று நெருக்கத்தில் உணரியை அடையும் ஒளி கால் பங்காகக் குறைகிறது. காட்டின் தரையிலோ முதலிலேயே ஒளி இல்லை.

எனவே அண்மைப் படம் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு முடிவு செய்தாக வேண்டும்: இந்தப் பூவில் எந்த ஒரு மில்லிமீட்டர் முக்கியமானது? ஒரு செடியை இன்ன இனம் என்று பிரித்தறிய எந்த உறுப்பு உதவும் என்று தெரியாதவர், பெரும்பாலும் கண்ணைக் கவரும் இதழ்நுனியைத்தான் கூர்மையாக்குவார். ஆர்க்கிட் பூவில் பூச்சி வந்து இறங்கும் மேடையாக அமைந்த கீழிதழையும், அதன்மேல் உள்ள முகடுகளையும், நடுவில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒன்றாய் இணைந்து நிற்கும் தூணையும் பார்க்க வேண்டும். படிக்காமல் படமெடுக்க முடியாது என்பதை எங்கள் குழுவுக்கு வரும் இளைஞர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். அவர்கள் புதிய லென்சின் விலையைக் கேட்கிறார்கள். நாங்கள் புல்லியிதழ், அல்லியிதழ், மகரந்தத்தாள், சூல்தண்டு என்று பள்ளிப் பாடத்தைத் திரும்ப நடத்துகிறோம். சிலர் அடுத்த வாரம் வருவதில்லை.

குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பத்து, இருபது படங்கள் எடுத்து, பின்னர் கணினியில் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. அது நல்ல முறைதான். ஆனால் இடையில் காற்று அசைத்தால் இதழுக்கு இரண்டு விளிம்புகள் தோன்றும். ஒரு சிற்றெறும்பு நடந்துபோனால் அதற்கு இருபது கால்கள் முளைக்கும். கணினி அடுக்கித் தந்ததை மூலப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பலாகாது. காற்றடங்கிய காலைப்பொழுதுதான் எங்களுக்கு உற்ற துணை. குளிரூட்டிய காரிலிருந்து கருவியை நேரே காட்டுக்காற்றில் எடுத்தால் லென்சு முழுவதும் பனித்துவிடும் என்பது இந்த நாட்டில் படமெடுக்கும் எல்லாருக்கும் தெரிந்ததே. பையைத் திறக்காமல் அரைமணி நேரம் காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் அட்டைகள் எங்களைக் கவனித்துக்கொள்கின்றன.

நிறம் இன்னொரு சிக்கல். மேலே விரிந்த இலைகளின் ஊடாக வடிந்து வரும் ஒளி பச்சை கலந்தது. அதில் வெள்ளைப் பூ வெளிறிய பச்சையாகப் பதியும். இளஞ்சிவப்புப் பூ சாம்பல் பூத்ததுபோல் தோன்றும். ஆதலால் முதல் படத்தில் பூவின் அருகே சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பிடித்து எடுத்துக்கொள்கிறோம். பின்னர் அதைக்கொண்டு நிறத்தைச் சரிசெய்ய இயலும். அப்படியும் நாம் பதிவது மனிதக் கண்ணுக்குத் தெரியும் நிறத்தை மட்டுமே. பல பூக்களில் தேனிருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் புறஊதாக் கோலங்கள் உண்டு. தேனீ அவற்றைக் காண்கிறது. நம் லென்சு காண்பதில்லை.

இப்போது சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போட்டிகளில் பரிசு பெறும் பூப்படங்களைப் பாருங்கள். பின்புலம் முழுவதும் கறுப்பு, அல்லது வெண்ணெய்போல் வழிந்த மங்கல். நடுவில் ஒரு பூ, அதன்மேல் நீர்த்துளி. அந்தத் துளி பெரும்பாலும் தெளிப்பானிலிருந்து வந்தது. நெடுநேரம் நிற்க வேண்டும் என்பதற்காக அதில் கிளிசரின் கலப்பவரும் உண்டு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பூ எதன்மேல் வளர்கிறது, பாசி படிந்த பாறையா, மட்கிய மரமா, அருகில் என்ன செடி, இலை எப்படி, என்ற எதையும் அப்படம் சொல்வதில்லை. வேரோடு பறிக்காமலே பூவை அதன் இடத்திலிருந்து பிடுங்கிவிட்ட படம் அது.

நாங்கள் முதலில் இரண்டு அடி தள்ளி நின்று செடி முழுவதையும், அது நிற்கும் இடத்தையும் எடுக்கிறோம். பிறகு பூவின் முகம், பக்கவாட்டுத் தோற்றம், பின்புறம். பக்கவாட்டுப் படத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் தேன் நிறைந்த வால்போன்ற பை இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு நீளம் என்பது அதில்தான் தெரியும். இலையின் இரு பக்கங்கள், தண்டின் அடி, பின்னர் ஒரு படத்தில் மட்டும் சிறு அளவுகோல். அளவுகோல் இருக்கும் படத்தை யாரும் சுவரில் மாட்டமாட்டார்கள். ஆய்வாளர் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.

இவ்வளவு செய்தும் படத்துக்கு ஓர் எல்லை உண்டு. திஸ்மியா இனங்களைப் பிரித்தறியும் அடையாளங்களுள் பல, பூக்குழலின் உள்ளே தொங்கும் மகரந்தத்தாள்களில் இருக்கின்றன. அவற்றைக் காணப் பூவைப் பிளக்க வேண்டும். அது அனுமதி பெற்ற ஆய்வாளரின் வேலை, நம்முடையது அன்று. தெரியாத பூவாயின் படங்களை அவர்களிடம் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே முறை.

நெருங்கிப் பார்ப்பதால் மட்டுமே விளங்கும் அதிசயங்களும் உண்டு. சபாவின் கினபாலு மலைச்சாரலில் பாஃபியோபெடிலம் ராத்ஸ்சைல்டியானம் என்னும் ஆர்க்கிட் வளர்கிறது. காலணி போன்ற பையிதழும் இருபுறமும் நீண்டு விரிந்த வரியிதழ்களும் கொண்டது. தொலைவிலிருந்து பார்ப்பவர் அந்த வரிகளைத்தான் பார்ப்பார். அண்மைப் படத்தில் பூவின் நடுவே மகரந்தம் தராத மலட்டுத் தாள் ஒன்று தெரியும். அதன் விளிம்பில் சின்னஞ்சிறு மயிர்கள். அவை அசுவினிப் பூச்சிக் கூட்டம்போலவே தோற்றமளிக்கின்றன. அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும் ஒருவகை ஈ, தன் குஞ்சுப் புழுக்களுக்கு அசுவினி உணவாகும் என்று நம்பி அங்கே முட்டையிட வருகிறது. வந்தது வழுக்கிப் பையிதழுக்குள் விழுகிறது. வெளியேறும் வழியில் மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. புழுக்களுக்கு அங்கே உண்ண ஒன்றும் இல்லை. பூவுக்குக் காரியம் ஆகிவிட்டது. அந்த மயிர்கள் கூர்மையாகப் பதியாத படம், இந்தக் கதையின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்ட புத்தகம்.

இதே பூவின் வரலாற்றில் இன்னொரு வஞ்சனையும் உண்டு. இது 1888-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. ஐரோப்பாவில் ஆர்க்கிட் வெறி உச்சத்தில் இருந்த காலம். பூவை விற்ற வணிகர், போட்டியாளர்கள் தேடிப் போய்விடாதிருக்க, அது நியூகினியில் கிடைத்தது என்று சொல்லிவைத்தார். அந்தப் பொய் பல்லாண்டு நிலைத்தது. கினபாலுவில் அது மீண்டும் கண்டறியப்பட்டது 1959-இல்தான். இலாபத்துக்காகச் சொன்ன பொய், நெடுங்காலம் அந்தச் செடிக்கு வேலியாகவும் இருந்திருக்கிறது! பொய்யை நாங்கள் போற்றவில்லை. ஆனால் இடத்தைச் சொல்வது என்ன விளைவைத் தரும் என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. வியட்நாமின் வடபகுதியில் கண்டறியப்பட்டு 1999-இல் பெயரிடப்பட்ட பாஃபியோபெடிலம் வியட்நாமென்சே, சில ஆண்டுகளுக்குள்ளேயே சேகரிப்பவர்களால் வாரி எடுக்கப்பட்டுக் காட்டில் காண்பதற்கே அரிதாகிவிட்டது. இப்பேரினம் முழுவதையும் பன்னாட்டு வணிகத்திலிருந்து காக்கச் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பட்டியல் சந்தையைத் தடுக்கலாம். காட்டுப்பாதையில் மண்வெட்டியோடு நடப்பவரைத் தடுப்பதற்கு அங்கே ஆள் வேண்டும்.

நாங்களே கண்ட ஒன்று. மேற்கு மலேசியாவின் உயர்நிலக் காடொன்றில், நடைபாதையிலிருந்து கையெட்டும் தொலைவில், தரையில் வளரும் சிறிய ஆர்க்கிட் ஒன்று இரண்டு ஆண்டுகளாய்ப் பூத்துவந்தது. அவ்வழியே சென்ற யாரோ அதைக் கைப்பேசியில் எடுத்து, வழியடையாளத்துடன் ஒரு குழுவில் பகிர்ந்திருக்கிறார். படம் கைமாறிக் கைமாறி எங்களுக்கும் வந்தது. அடுத்த முறை சென்றபோது அங்கே ஒரு குழி இருந்தது. சுற்றிலும் இருந்த பாசி ஒழுங்காக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. செய்தவர் தொழில் தெரிந்தவர். வீட்டுத் தொட்டியில் அது பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தரை ஆர்க்கிட்டுகளின் வேர்கள் அந்தந்த மண்ணின் பூஞ்சைகளோடு பின்னிப்பிணைந்தவை. பூஞ்சையை யாரும் பையில் போட்டு எடுத்துச் செல்வதில்லை.

கைப்பேசி எடுக்கும் ஒவ்வொரு படத்தினுள்ளும், அமைப்பை மாற்றாவிட்டால், எடுத்த இடத்தின் நெடுக்கை, கிடக்கை எண்கள் சில மீட்டர் துல்லியத்தில் பதிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த முகவரியை நீக்கிய பின்னரே பகிர வேண்டும். பின்புலத்தில் வழிகாட்டிப் பலகையோ பெயர்பெற்ற பாறையோ தெரிந்தால் அதுவும் முகவரிதான். நாங்கள் வெளியே காட்டும் படங்களில் மாநிலத்தின் பெயர் மட்டுமே இருக்கும். சரியான இடக்குறிப்பை எழுத்தில் தனியே வைத்து, சிங்கப்பூராயின் தேசியப் பூங்காக் கழகத்துக்கும், மலேசியாவாயின் அந்தப் பூங்காவின் அலுவலகத்துக்கும் தருகிறோம். பெருமைக்காகக் காட்டுவதற்கும் காவலுக்காகச் சொல்வதற்கும் வேறு வேறு ஆள்கள்.

பறிப்பவர் மட்டுமே பகைவர் என்றும் எண்ண வேண்டாம். பூவை நேசிப்பவர்களின் முழங்கால்கள் செய்யும் கேடும் பெரிது. நல்ல கோணம் கிடைக்கும் இடத்தில்தான் எல்லாரும் படுக்கிறார்கள். ஒரே பூவை 20 பேர் எடுத்தால் அதன் முன்னால் மண் இறுகித் தரையாகிவிடும். முக்காலியின் ஒரு கால் விழும் இடத்தில் அடுத்த ஆண்டுப் பூக்க வேண்டிய நாற்று இருக்கலாம். குறுக்கே நிற்கும் இலையைக் கிள்ளுவது, சருகைத் துடைத்து மேடை அமைப்பது எல்லாம் புகைப்படக்காரர்களிடம் சாதாரணம். பூஞ்சைகளை நம்பி வாழும் திஸ்மியா போன்றவற்றுக்கு அந்தச் சருகே வாழ்வு. அதற்கடியில்தான் அவற்றை ஊட்டும் பூஞ்சை இழைகள் படர்ந்திருக்கின்றன. எனவே நாங்கள் இடைமறிக்கும் இலையை நூலால் மெல்ல ஒதுக்கிக் கட்டி, முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறோம். பாதையைவிட்டு இறங்கக்கூடாத காப்புக்காடுகளில் பூ எட்டாத இடத்தில் இருந்தால், படம் இல்லை; அவ்வளவுதான். தொலைநோக்கியில் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

எழுதிக்கொள்வது என்றோம். இங்கேதான் தமிழ் எங்களுக்குக் கைகொடுக்கிறது. பூவின் பருவங்களைக் குறிக்க அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று நம்மிடம் வரிசையாகச் சொற்கள் இருக்கின்றன. கவிதைக்கு அணி என்றே அவற்றைப் படித்தோம். களக்குறிப்பில் பயன்படுத்திப் பார்த்தபோது அவை அளவைச் சொற்களாக மாறின. ஒரு செடியில் மூன்று முகை, ஓர் அலர், இரண்டு செம்மல் என்று எழுதினால், அது எத்தனை நாள்களாகப் பூக்கிறது, இன்னும் எத்தனை நாள் பூக்கும் என்று அடுத்து வருபவர் கணக்கிடலாம். பூவைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நான்காகப் பகுத்த மரபும் நமக்கு உண்டு. இந்நாட்டுக் காட்டில் அது சற்றுத் திணறுகிறது. மரக்கிளையில் வளர்ந்தும் மரத்துக்கு உறவில்லாத தொற்றுத் தாவர ஆர்க்கிட்டைக் கோட்டுப்பூ என்பதா? எங்களுக்குள் இது தீராத வழக்கு. நாங்கள் இப்போதைக்குத் ‘தொற்றுப்பூ’ என்று எழுதிவருகிறோம். இதைவிட நல்ல சொல் இந்த அவையில் யாரிடமேனும் இருந்தால் நன்றியோடு ஏற்போம்.

இந்தக் காட்டுப்பூக்களுக்கெல்லாம் உடனே தமிழ்ப்பெயர் சூட்டிவிட வேண்டும் என்று சில அன்பர்கள் வலியுறுத்துகிறார்கள். எங்கள் கருத்து வேறு. பெயருக்கு முன் விவரிப்பு வேண்டும். அந்தப் பூவோடு வாழ்ந்துவரும் மக்கள் அதற்கு மலாயிலோ பழங்குடி மொழிகளிலோ வழங்கும் பெயர் இருந்தால், அதையும் அறிவியல் பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதி, அதன்கீழ் இதழின் வடிவம், நிறம், மணம், வளரும் இடம் ஆகியவற்றைத் தமிழில் நான்கு வரி எழுதினால் போதும். பெயர் சூட்டி விவரிப்பை விட்டுவிட்டால், இன்னும் ஆயிரம் ஆண்டு கழித்து வேறு அறிஞர்கள் அமர்ந்து வாதிட வேண்டியிருக்கும்.

தொடங்க விரும்புவோர் அரிய பூவிலிருந்து தொடங்க வேண்டாம். சிங்கப்பூரில் இதுவரை பதிவான காட்டு ஆர்க்கிட் இனங்கள் இருநூற்றுக்கு மேல். அவற்றுள் பெரும்பாலானவை இத்தீவில் இன்று இல்லை. எஞ்சியவற்றுள் ஒன்று, புறா ஆர்க்கிட், நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களிலேயே வாழ்கிறது. வெண்ணிற இதழ், கீழிதழில் மஞ்சள் தீற்றல், நல்ல மணம். கனமழையால் காற்று திடீரெனக் குளிர்ந்தால், ஏறத்தாழ 9 நாள் கழித்து ஒரு வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே காலையில் மலரும். ஒரே நாளில் வாடிவிடும். அதற்கு அட்டைக்கடி இல்லை. இடத்தை மறைக்க வேண்டிய கவலையும் பெரிதாக இல்லை. கருவியோ கைப்பேசியோ, இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேடும் பென்சிலும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பெருமழை பெய்யும் நாளை நாள்காட்டியில் குறித்துவைத்து, 8-ஆம் நாள் மாலையே போய் முகைகளை எண்ணி எழுதிவிடுங்கள். மறுநாள் காலை 7 மணிக்கெல்லாம் மரத்தடியில் இருக்க வேண்டும். பகல் ஏறினால் காற்று வந்துவிடும்.